‘ஊ’ என்றால் பல் தெரியாது

நான் பல் டாக்டர். கோயம்புத்தூர் ஆர்.எஸ்.புரத்தில் ஒரு நகைக்கடைக்கும் பட்டுப்புடவைக் கடைக்கும் நடுவே, மாடியில் என் கிளினிக். காலையில் ஆரம்பித்தால் இருட்டும்வரை ஊராரின் வாய்க்குள்தான் என் பிழைப்பு. ஒரு வாயைப் பார்த்தால் அது வேலை செய்கிறதா, சும்மா திறந்து மூடுகிறதா என்று எனக்குத் தெரிந்துவிடும். இந்தப் பாழாய்ப்போன திறமை மட்டும் இல்லாதிருந்தால், போன வருஷம் அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் நானும் மற்றவர்களைப் போலக் கையை ஆட்டிவிட்டுச் சந்தோஷமாக வீடு திரும்பியிருப்பேன்.

அந்தப் பாடகியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சினிமாவுக்கும் பாடினாள், தனியாக ஆல்பங்களும் போட்டாள் என்பது போதும். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவள். ஆனாலும் மனதுக்குள் அவளை ‘அவள்’ என்றே சொல்லிவந்திருக்கிறேன். பேப்பர் போடுகிறவரில் தொடங்கி என் சொந்த மகன்வரை எல்லோருக்கும் ‘ங்க’ போட்டுப் பேசுகிற ஊர் எங்களுடையது. நான் ‘ங்க’ போடாத ஒரே ஆள் அவள்தான்.

அவள் எனக்கு அவ்வளவு சொந்தமானது டென்டல் காலேஜின் கடைசி வருஷத்தில். எனக்குக் கல்யாணம் நிச்சயமாகி, பத்திரிகை அடிக்கக் கொடுக்கப் போகிற நேரத்தில் மாப்பிள்ளை வீட்டார் வேண்டாம் என்றுவிட்டார்கள். காரணம் சொல்லவில்லை. அந்த மனிதர் ஒரு போன்கூடச் செய்யவில்லை. ஹாஸ்டல் அறையில் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, அப்போது புதிதாக வந்திருந்த அவளுடைய பாட்டு ஒன்றையே திரும்பத் திரும்பக் கேட்டேன். ‘கிளம்பும் முன்னே ஒரு சொல் சொல்லு’ என்று தொடங்கும். என் நிலைமைக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது.

ஆனால் என்னை எழுப்பி உட்கார வைத்தது அந்த வரி அல்ல. இரண்டாவது சரணத்துக்கு முன்னால் அவள் மூச்சை இழுக்கும் சத்தம் அதில் பதிவாகியிருந்தது. அதை அழிக்க மறந்துவிட்டார்களோ, வேண்டுமென்றே விட்டார்களோ தெரியாது. கொஞ்சம் அவசரமான, லேசாக நடுங்குகிற மூச்சு. அவளுக்கே அடுத்த வரிக்குப் போக மூச்சு வேண்டியிருக்கிறதே, எனக்கு வேண்டாமா என்று தோன்றியது. எழுந்துபோய் பல் விளக்கினேன். பரீட்சையும் எழுதினேன். அந்த மூச்சை ஒரு தடவை நேரில் கேட்டுவிட வேண்டும் என்பதுதான் அன்றிலிருந்து என் ஆசை. வேறு எந்த மண்ணாங்கட்டிக்காகவும் நான் அந்தக் கூட்டத்துக்குப் போகவில்லை.

சரவணம்பட்டிப் பக்கம் ஒரு காலேஜ் மைதானத்தில் கச்சேரி. கச்சேரி என்று சொல்லக்கூடாதாம், ‘லைவ்’ என்று சொல்ல வேண்டுமாம். காந்திபுரம் மேம்பாலத்தைத் தாண்டியதும் சத்தி ரோட்டில் வண்டிகள் அப்படியே நின்றன. என் கணவர் ஸ்டியரிங்கில் தாளம் போட்டபடி அந்தப் பாட்டைப் பாடிக்கொண்டு வந்தார். அதே ரோட்டில் கணபதி ஏரியாவில் பம்ப் பட்டறை வைத்திருக்கிறார். குரலும் கிட்டத்தட்ட பம்ப் மாதிரிதான். அவர் பாடினால் அது ‘கெளம்பறதுக்கு முன்னால ஒரு சொல்லு சொல்லுங்க’ என்று ஆகிவிடும். பாட்டில் அப்படி இல்லை என்று கல்யாணமான புதிதிலிருந்து திருத்திப் பார்க்கிறேன். யாரையும் மொட்டையாகச் ‘சொல்லு’ என்று அதட்டித் தனக்குப் பழக்கமில்லை என்பார்.

வாசலில் கையில் ஒரு காகிதப் பட்டையை ஒட்டிவிட்டார்கள், ஆட்டுக்கு அடையாளம் போடுவதைப் போல. தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டார்கள். உள்ளே எங்கள் பக்கத்து நாற்காலியில் ஆனைமலையிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்த ஒரு பெண்மணி. கொண்டுவந்த எலுமிச்சஞ்சோற்றுத் தூக்கை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள் என்று வருத்தப்பட்டார். ஆனாலும் தன்மையாகக் கேட்டுத்தான் வாங்கினார்கள் என்று உடனே சமாதானமும் சொல்லிக்கொண்டார். இதுதான் எங்கள் ஊர்க்காரர்களின் வியாதி. ‘ங்க’ போட்டுக் கேட்டால் வீட்டுப் பத்திரத்தையே எடுத்து நீட்டிவிடுவோம்.

ஆறரை மணிக்கு என்றார்கள். எட்டுவரை திரையில் வீட்டுமனை விளம்பரங்கள் ஓடின. நடுநடுவே ஒரு தொகுப்பாளர் வந்து, கோவையின் எனர்ஜி பத்தவில்லை, இன்னும் சத்தம் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நாங்கள் எதற்காகச் சத்தம் போட வேண்டும்? சத்தம் போடக் கூட்டி வந்திருக்கிற ஆளை அனுப்ப வேண்டியதுதானே. முன்னால் நின்ற ஐ.டி. கம்பெனிப் பிள்ளைகள் அவர் சொன்னதற்கெல்லாம் கத்தினார்கள். ஆபீஸில் சொன்னதைச் செய்து பழகியவர்கள், இங்கேயும் செய்தார்கள்.

ஒருவழியாக அவள் வந்தாள். புகை, வெளிச்சம், ஜிகினா உடுப்பு எல்லாவற்றோடும் வந்தாள். என் நெஞ்சு அடித்துக்கொண்டதை மறைக்க விரும்பவில்லை. அவள் மைக்கை எடுத்து முதலில் சொன்னது இதுதான்:

“ஏனுங்க கோயம்புத்தூருங்க, நல்லா இருக்கீங்களாங்க? ஐ லவ் யூங்க.”

மைதானமே அலறியது. எங்கள் ஊரில் ‘ஏனுங்க’ என்று முன்பின் தெரியாதவரையும் கூப்பிடுவோம், பெண்டாட்டி புருஷனையும் கூப்பிடுவாள். என் கணவர் சட்டையைச் சரிசெய்துகொண்டு, சொல்லுங்க என்று அடக்கமாகப் பதில் கொடுத்தார். அப்புறம் அவள் சிறுவாணித் தண்ணீரைப் புகழ்ந்தாள், சாம்பாரைப் புகழ்ந்தாள், எங்கள் மரியாதையைப் புகழ்ந்தாள். மதுரையில் ஜிகர்தண்டாவைப் புகழ்ந்திருப்பாள், திருநெல்வேலியில் அல்வாவை. யாரோ எழுதிக் கொடுத்ததைக் காரில் வரும்போது மனப்பாடம் செய்திருக்கிறாள். எங்கள் பேச்சையே எங்களிடம் விற்கிறாள், நாங்களும் பல்லைக் காட்டிக்கொண்டு வாங்குகிறோம்.

அதையும் பொறுத்துக்கொண்டேன். பாட ஆரம்பித்ததும்தான் என் தொழில் புத்தி விழித்துக்கொண்டது. மேடைக்கு இரண்டு பக்கமும் பெரிய திரைகள். அதில் அவள் முகம், ஒவ்வொரு பல்லும் முறம் அளவுக்குத் தெரிந்தது. முன்பற்களுக்கு மேல் வெனீர் என்கிற மெல்லிய வெள்ளை ஓடு போட்டிருந்தாள், நல்ல வேலைப்பாடு. பார்த்துக்கொண்டே இருக்கும்போது ‘ம’ என்று ஓர் எழுத்து கேட்டது. உதடுகள் ஒட்டவில்லை. உதடு ஒட்டாமல் ‘ம’ சொல்ல மனுஷப் பிறவியால் முடியாது. அடுத்து ஒரு நீண்ட ‘ஊ’. அதற்கு உதடு குவிய வேண்டும், பல் தெரியக் கூடாது. அவளோ மொத்த வெனீரும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். உச்ச ஸ்தாயியில் குரல் வானத்துக்குப் போனபோது கழுத்தில் ஒரு நரம்பு அசையவில்லை. மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு உட்கார வைத்த பேஷன்ட் மாதிரி தாடை தொங்கியது.

பக்கத்திலிருந்த பெண்மணி நெகிழ்ந்துபோய் என் கையைத் தொட்டார்.

“அப்படியே சிடி கேக்கற மாதிரியே இருக்குதுங்க.”

சிடிதானுங்க அது என்று வாய்வரை வந்தது. அவர் கண்ணில் தண்ணீர் நின்றதைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன். கணவரிடம் மட்டும் சொன்னேன். அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஆட்டம் வேறு ஆட வேண்டியிருக்கிறதே, பாவம் என்றார். இந்த மனிதர் பம்பில் தண்ணீர் வராமல் காற்று வந்தாலும் பாவம் என்பார் போல.

எனக்கு இருந்த கடைசி நம்பிக்கை என் பாட்டு. மற்றதையெல்லாம் எப்படியோ ஒப்பேற்றட்டும், அதையாவது பாடுவாள் என்று நினைத்தேன். ஆடாமல் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து அதைத் தொடங்கினாள். பல்லவி, முதல் சரணம், எல்லாம் கச்சிதம். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அந்த மூச்சு வந்தது. அதே அவசரம், அதே இடத்தில் அதே நடுக்கம். கண்ணைத் திறந்தேன். திரையில் அவள் வாய் மூடியிருந்தது. யாருக்கோ கை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

என் வாழ்க்கையில் ஒரு மனிதர் சொல்லாமல் போனபோது வந்ததைவிட அதிகமாகக் கோபம் வந்தது. பழைய மூச்சை எடுத்து வந்து எனக்கே வைக்கிறாள், நேற்றைய இட்லியைச் சுட வைத்துக் கொடுக்கிற ஹோட்டல்காரனைப் போல. போகலாம் என்று எழுந்தேன்.

அப்போது பாட்டு சிக்கியது. சரணத்தின் முதல் சொல்லின் முதல் எழுத்து மட்டும் ஆணியடித்த மாதிரி அடித்துக்கொண்டே இருந்தது. அவள் மைக்கை வாயிலிருந்து எடுத்துவிட்டாள், குரல் மட்டும் நிற்கவில்லை. மேடையின் ஓரத்தில் ஒருவர் லேப்டாப்பைத் தட்டினார். எல்லாம் அடங்கிவிட்டது. வேறு ஊராக இருந்தால் கூச்சல் கிளம்பியிருக்கும். எங்கள் ஊரில் எங்கோ பின்னாலிருந்து ஒரு குரல் மட்டும், பரவாயில்லைங்க, மெதுவாகப் பாடுங்க என்றது. ஏமாற்றினவளுக்கும் மரியாதை குறையவில்லை.

அவள் லேப்டாப்காரரைப் பார்த்தாள். அவர் கையை விரித்தார். கீபோர்ட் வாசிப்பவர் தயங்கித் தயங்கி ஒரு சுரம் கொடுத்தார். ஸ்டூலைத் தள்ளிவிட்டு நின்றுகொண்டு, பாட்டை முதலிலிருந்து எடுத்தாள்.

குரல் கரகரத்தது. மேலே போக வேண்டிய இடத்தில் போகாமல் பக்கத்திலேயே சுற்றி வந்தது. ‘சொல்லு’ என்று இழுத்தபோது உதடு குவிந்தது, பல் மறைந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. வயதான தொண்டை, தேய்ந்த குரல். நான் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். முன்னால் இருந்த பிள்ளைகள் போனைக் கீழே இறக்கிப் பாப்கார்ன் தின்ன ஆரம்பித்தார்கள். இரண்டாவது சரணத்துக்கு முன்னால் அவள் நின்றுவிட்டாள். நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

“இருங்க,” என்றாள். “மூச்சு வாங்குது.”

அன்றைக்கு அவள் போட்ட ‘ங்க’க்களில் யாரும் எழுதிக் கொடுக்காதது அது ஒன்றுதான். எனக்குள் என்ன உடைந்ததோ, மைதானத்தின் அமைதியில் நான் கத்தியது எனக்கே கேட்டது.

“மெதுவாப் பாடு கண்ணு.”

என் கணவர் வெலவெலத்துப்போய்த் திரும்பினார். ஊருக்கே ‘ங்க’ போடுகிற பெண்டாட்டி, மூத்த ஒரு பிரபலத்தை மொட்டையாக, அதுவும் கண்ணு என்று கூப்பிட்டதை அவரால் ஜீரணிக்க முடியவில்லை. அவளுக்குக் கேட்டதா என்று தெரியாது. மூச்சை இழுத்தாள். ஹாஸ்டல் அறையில் கேட்ட மூச்சு இல்லை, இது நீளமாக, ஓட்டை விழுந்ததாக இருந்தது. சரணத்தில் இரண்டு வரி பாடினாள். எனக்கு அழுகை வந்தது, வெட்கமில்லாமல் அழுதேன்.

மூன்றாவது வரியில் லேப்டாப் பிழைத்துக்கொண்டது. பழைய குரல் பளிங்கு மாதிரி வந்து விழுந்தது. மைதானம் நிம்மதியில் எழுந்து நின்று கைதட்டியது. ஆனைமலைப் பெண்மணி, தொண்டை கட்டியிருந்தது இப்போது சரியாகிவிட்டது போலிருக்கிறது என்று என்னிடம் மகிழ்ந்தார். அதையெல்லாம்கூட மன்னித்துவிடுவேன். திரையில் அவள் முகத்தைப் பார்த்தேன். எல்லோரையும்விட நிம்மதி அவளுக்குத்தான். நான் இத்தனை வருஷம் காத்திருந்து கேட்ட மூச்சை அவள் ஒரு மானக்கேடு என்று நினைத்திருக்கிறாள். தப்பித்தோம் என்று வெனீர் மொத்தமும் தெரியச் சிரித்தாள். போகும்போது, போயிட்டு வாரேனுங்க என்று மறக்காமல் சொல்லிவிட்டுப் போனாள்.

வீடு வரும்வரை ஸ்டியரிங்கில் தாளம் இல்லை. என் கணவரும் பாடவில்லை. கேட்டை மூடும்போது மட்டும், நடுவில் அந்தம்மா கஷ்டப்பட்டுப் பாடியது நன்றாக இருந்ததே என்றார். அந்த நிமிஷத்தில் அவர் பம்ப் குரலைக்கூட மன்னித்தேன்.

திங்கட்கிழமை முதல் பேஷன்ட் ஒரு காலேஜ் பையன், கடைவாயில் சொத்தை. அவனும் போயிருந்தானாம். நாற்காலியில் சாய்ந்தபடியே போனை நீட்டி, கை ஆட்டியபடி அவள் பாடுகிற வீடியோவைக் காட்டினான். நடுவில் குரல் உடைந்த இடம் இருக்கிறதா என்று கேட்டேன். முகத்தைச் சுளித்தான்.

“அது நல்லா இல்லீங்க டாக்டர். டெலீட் பண்ணிப்போட்டேன்.”

கையுறையை மாட்டிக்கொண்டேன்.

“வாயைத் திறங்க,” என்றேன். “நல்லாத் திறங்க. ‘ஆ’ன்னு சத்தமாச் சொல்லுங்க, உங்க குரல்ல.”