இரண்டு தோள், இரண்டு குப்பி

"இந்த ரெண்டுல எது நல்லது?" என்று சித்தப்பா இரண்டு மருந்துக் குப்பிகளை என் முன்னால் வைத்துக் கேட்டார்.

சித்தப்பா லிஃப்ட் மெக்கானிக். இருபத்திரண்டு வருடம் தலைக்கு மேல் கை தூக்கி வேலை பார்த்ததில் இரண்டு தோளும் கெட்டுப்போயின. பத்து நாள் விடுப்பில் சரியாகாவிட்டால் ஆபீசில் உட்கார்ந்து, வரும் புகார்களை எழுதி வைக்கும் வேலைதான் என்று மேலாளர் சொல்லிவிட்டார். அதற்குப் போவதைவிடச் சும்மா இருக்கலாம் என்பது சித்தப்பாவின் கட்சி. இணையத்தில் பிபிசி-157 ஒன்று, டிபி-500 ஒன்று என்று இரண்டு குப்பி வாங்கிவிட்டார். இரண்டும் பெப்டைடு, அதாவது புரதத்தின் சின்னத் துண்டு. தசைக் காயத்தை ஆற்றும் என்று விற்கிறார்கள்.

பள்ளியை முடித்துவிட்டு வீட்டில் இருப்பதால் படித்துச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. மூன்று நாள் படித்தேன். முதலாவதை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தது நிறைய, மனிதர்களுக்கு மிகக் கொஞ்சம். இரண்டாவது, நம் உடம்பில் இருக்கும் ஒரு புரதத்தின் துண்டு. முழுப் புரதத்தை மனிதர்களிடம் சோதித்ததைத் துண்டின் கணக்கிலும் சேர்த்துவிடுகிறார்கள் விற்பவர்கள். இரண்டுமே புது ரத்தக் குழாய்களை வளர்க்கலாம். உடம்பில் கட்டி இருந்தால் அதற்கும் தீனி கிடைக்குமோ என்ற சந்தேகம் யாருக்கும் தீரவில்லை. சித்தப்பாவுக்குப் போன வருடம்தான் குடலில் ஒரு கட்டியை எடுத்தார்கள்.

இதைச் சொல்லப் போனால், மனிதர் ஊசியை ஆரம்பித்தே விட்டிருந்தார். இடது தோளில் ஒன்று, வலது தோளில் மற்றது. லிஃப்டின் எந்தப் பாகத்தையும் மாட்டி ஓட்டிப் பார்த்தே முடிவு செய்து பழகியவர்.

"இடதுதான் ஜெயிக்குது" என்றார்.

மருந்துக் கடையில் வேலை பார்க்கும் சித்தி தலையில் அடித்துக்கொண்டாள். "ஊசியில போனது உடம்பு பூரா ஓடும். உங்க இடது தோளுக்கு மட்டும் காவலா நிக்குமா?" பத்து நாள் கை தூக்காமல் இருந்தால் எந்தத் தோளும் கொஞ்சம் தேறும் என்றாள். அவர் காதில் ஏறவில்லை.

"சரி. எலியை மட்டும் ஏத்தி ஓட்டிப் பாத்த லிஃப்ட்ல ஆளை ஏத்துவீங்களா?" என்று கேட்டேன்.

"அதெப்படி? முழு எடையை வெச்சு லோடு டெஸ்ட் முடியாம ஏத்த மாட்டேன்."

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். மறுநாள், போன வருடம் கட்டியை எடுத்த மருத்துவரிடம் குப்பிகளோடு போனார். அவர் ஊசியை நிறுத்தச் சொல்லி, குடல் பரிசோதனைக்கு எழுதினார். முடிவு வந்தது. புதுக் கட்டி எதுவும் இல்லை. தோளுக்கு உடற்பயிற்சி, அதுவும் நான் விரட்டினால்தான். பத்து நாளில் தோள் முழுசாகத் தேறவில்லை; இப்போது ஆபீசில் புகார் எழுதுகிறார், எங்களிடம் புலம்புகிறார்.

உங்கள் வீட்டிலும் தோளைப் பிடித்துக்கொண்டு குப்பி தேடுகிறவர் இருந்தால் இதைப் படித்துக் காட்டுங்கள். கேட்க மாட்டார். இன்னொரு தடவை படியுங்கள்.