வரைபடத்தில் நான் எழுதிய முத்து

நீலக் கலர் பென்சிலின் நுனியை நாக்கில் தொட்டுத்தான் நாங்கள் கடலுக்கு நிறம் போடுவோம். மெழுகும் சுண்ணாம்பும் கலந்தது போல ஒரு கசப்பு நாக்கில் ஒட்டும். மத்தியானம் சோறு தின்றாலும் போகாது. பத்தாம் வகுப்பு முழுக்க அந்தக் கசப்போடுதான் இந்தியாவின் மூன்று பக்கத்துக் கடலையும் நான் பூசினேன். நான்காம் நாள் மடிப்பிலே கிழிந்துபோகும் "மேப்பு" தாளில், எங்கள் தூத்துக்குடி ஒரு புள்ளி. அந்தப் புள்ளிக்குப் பக்கத்தில் என்ன எழுதினேன் என்பதைத்தான் இங்கே சொல்ல வந்தேன். பெருமைப்படும்படி ஒன்றுமில்லை.

என் அப்பா சங்கு குளிப்பவர். வள்ளத்தில் இரைந்துகொண்டிருக்கும் கம்ப்ரசரிலிருந்து வரும் காற்றுக் குழாயை வாயில் கவ்விக்கொண்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பத்துப் பாகம், அதாவது அறுபதடி ஆழத்தில் மணலைத் துழாவிச் சங்கு பொறுக்குவார். ஆழத்தின் அழுத்தத்தில் இடது காது எப்போதோ போய்விட்டது. அவரிடம் எதைச் சொல்வதானாலும் வலது பக்கம் போய் நின்று கத்த வேண்டும். அவர் வேலைக்குக் கிளம்பும்போது "குளிக்கப் போறேன்" என்பார். கடலில்லாத ஏரலிலிருந்து வந்த என் சிநேகிதி ஒருத்தி, உங்கள் அப்பா தினமும் குளிப்பதை ஏன் இப்படிச் சொல்லிவிட்டுப் போகிறார் என்று கேட்டாள்.

எனக்குச் சோசியல் என்றால் உயிர். துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்கள் எங்கிருந்து வருகின்றன, ஏன் இங்கே வருகின்றன என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. சூயஸ் கால்வாய்ப் பாடம்தான் சொன்னது. ஆனால் எங்கள் பள்ளியில் சோசியல் பீரியட் என்பது கணக்கு சார் வேண்டும்போது எடுத்துக்கொள்ளும் பீரியட். "சோசியல்தான, பிள்ளைய வீட்டுல படிச்சிக்கிடும்" என்று சொல்லிக்கொண்டே கரும்பலகையை அழிப்பார். சாயர்புரத்திலிருந்து பஸ் பிடித்து வரும் எங்கள் சோசியல் டீச்சர் சாக்பீஸ் டப்பாவோடு வாசலில் நின்றுவிட்டுத் திரும்பிப் போவார். மிச்சப்பட்ட நேரத்தில் முதல் உலகப் போருக்குக் காரணங்கள் ஐந்து, விளைவுகள் ஆறு என்று எழுதிப் போடுவார். அத்தனை கோடிப் பேர் அடித்துக்கொண்டு செத்தது எங்களுக்குப் பதினோரு பாயிண்டு.

பிளஸ் ஒன்னில் வரலாறும் புவியியலும் உள்ள குரூப்பில் சேர வேண்டும் என்பது என் ஆசை. சேர ஆளில்லை என்று அந்த குரூப்பை மூடிவிட்டிருந்தார்கள். ஒருநாள் காலைப் பிரேயரில் ஹெட்மிஸ்ட்ரஸ் மைக்கில், "சோசியல்ல யாராவது சென்டம் வாங்குங்க, அடுத்த வருஷமே ஹிஸ்டரி குரூப்பத் திறந்துருதேன்" என்றார். மற்ற பிள்ளைகள் கை தட்டிவிட்டு மறந்துவிட்டார்கள். நான், மூடச்சி, நம்பினேன்.

அரையாண்டுத் தேர்வில் வரைபடத்துக்கான கேள்விகளில் ஒன்று: கடலில் மூழ்கிப் பொருள் எடுக்கும் ஊரைக் குறித்து, அங்கே கிடைக்கும் பொருளையும் எழுதுக. புள்ளியைச் சரியாகத்தான் வைத்தேன். பக்கத்தில் "சங்கு" என்று எழுதினேன். வகுப்பில் சங்கு குளிப்பவர்களின் பிள்ளைகள் என்னோடு சேர்த்து மூன்று பேர். மூன்று பேருக்கும் அந்த ஒரு மார்க் போயிற்று. ஒருத்தி என்னைப் போலவே எழுதியிருந்தாள், இன்னொருத்தி இடத்தை வெறுமனே விட்டிருந்தாள். கடலில் கால் நனையப் பயப்படும் ஏரல் பிள்ளைகள் எல்லாரும் "முத்து" என்று எழுதி மார்க் வாங்கியிருந்தார்கள்.

தாளைத் தூக்கிக்கொண்டு டீச்சரிடம் போனேன். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"ஏளா, நீ எழுதுனது உண்மைதான். முத்துக் குளிச்சி எத்தன காலமாச்சின்னு எனக்கும் தெரியும். ஆனா ஆன்சர் கீயில முத்துன்னுதான் இருக்கு. பப்ளிக் பரீட்சையில பேப்பர் திருத்துதவளுக்கு உங்கப்பாவத் தெரியுமா? சென்டம் வேணுமா, வேண்டாமா?"

வீட்டில் வந்து அப்பாவின் வலது காதில் கத்திச் சொன்னேன். சங்குச் சதையின் வாடை அடிக்கும் கையைக் கழுவிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றார்.

"முத்தா? நான் ஒரு முத்தக் கண்ணால கண்டதில்லையே. எங்க அய்யா காலத்துலயே அது போச்சி. அப்ப நான் அங்கன போய் எதுக்கு முங்குதேன்னு உங்க டீச்சர்ட்ட கேட்டியா?"

நான் தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

அரசுத் தேர்விலும் கிட்டத்தட்ட அதே கேள்வி வந்தது. பேனாவைத் தாளில் வைத்தபோது மணி பதினொன்று இருக்கும். சங்குப் பருவம் முடியவில்லை. அப்பா அந்நேரம் தண்ணீருக்குள்தான் இருந்திருப்பார். "முத்து" என்று எழுதினேன். எழுத்து அழகாகவே வந்தது.

சென்டம் வந்தது. பள்ளி வாசலில் ஃபிளெக்ஸ் கட்டி என் முகத்தைப் போட்டார்கள். அட்மிஷனுக்கு அப்பா அன்றைய வேலையை விட்டுவிட்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு என்னோடு வந்தார். ஹெட்மிஸ்ட்ரஸ் ஃபாரத்திலிருந்து கண்ணைத் தூக்காமலே, "ஒருத்திக்காக ஒரு குரூப்பு நடத்த முடியுமா? காமர்ஸ் எடுத்துக்கோ, ஷிப்பிங் ஆபீஸ்ல வேல கெடைக்கும்" என்றார். அவருடைய வாக்கை நினைவுபடுத்தினேன். "அது சும்மா உங்களப் படிக்க வைக்கச் சொன்னது" என்று சிரித்தார். அப்பாவுக்கு ஒன்றும் கேட்கவில்லை. "என்ன சொல்லுதாவ?" என்றார். வராந்தா முழுக்க ஆட்கள் நிற்க, நான் அவர் காதில் கத்தினேன்: "காமர்ஸாம்ப்பா." அவர் ஏதோ பெரிய படிப்பு கிடைத்துவிட்டதாக நினைத்து ஹெட்மிஸ்ட்ரஸைப் பார்த்துக் கும்பிட்டார். அந்தக் கும்பிடை நான் மன்னிக்கவே இல்லை; அவரை அல்ல, அதை வாங்கிக்கொண்ட அந்த அம்மாளை.

ஹெட்மிஸ்ட்ரஸ் சொன்னது ஒன்று மட்டும் பலித்தது. இப்போது முத்தையாபுரம் பக்கம் ஒரு ஷிப்பிங் ஆபீஸில் கன்டெய்னர் நம்பர்களை அடித்துக்கொண்டிருக்கிறேன். ஹிஸ்டரி குரூப் நடந்த அறை கம்ப்யூட்டர் லேப் ஆகிவிட்டது. சோசியல் டீச்சர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். நாக்கில் தொட்டு எழுதும் அந்தப் பென்சிலும் இப்போது கிடைப்பதில்லை, ஸ்கெட்ச்தான். அப்பாவுக்கு வலது காதும் மங்கிவிட்டது. பக்கத்தில் போய்க் கத்தினால் பாதி கேட்கும்.

போன வாரம், பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகள் மேப்பை விரித்து வைத்துக்கொண்டு கேட்டாள், "அம்மா, தூத்துக்குடியில முத்துன்னு போட்டுருக்கு. தாத்தா எடுத்தது சங்குல்லா? எத எழுத?"

என் வாயிலிருந்து யோசிக்காமலே வந்தது. "கீயில என்ன இருக்கோ அத எழுது. மார்க்கு போயிரும்."

அவள் எழுதினாள். நாற்காலியில் உட்கார்ந்திருந்த அப்பா எங்கள் வாயசைவையே பார்த்துக்கொண்டிருந்தார். "பிள்ள என்னமோ கேக்காளே, என்ன?" என்றார்.

கிட்டப் போய்க் கத்தியிருக்கலாம். "ஒண்ணுமில்லப்பா" என்று கையை மட்டும் ஆட்டினேன்.