கெஸ்ட்ரல் ஓட்டிய ஆர்லிஸ்

என் அண்ணன் டெல்மர் ஆர்லிஸைக் கல்யாணம் செய்துகொண்டு ஆல்டர் ஃபால்ஸுக்குக் கூட்டிவந்தபோது அவள் பனிவண்டியைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. அவள் மட்டுமென்ன, மினசோட்டாவின் வடக்கு மூலையில் கிடந்த எங்கள் ஊரில் முக்கால்வாசிப் பேர் பார்த்ததில்லை. ஹார்லன் ஓஸ்ட்பி வைக்கோல் வெட்டும் இயந்திரம் செய்து விற்றுக்கொண்டிருந்தார். குளிர்காலத்தில் அதைக் கேட்பார் கிடையாது. பட்டறை சும்மா கிடக்கிறதே என்று அவர் செய்து பார்த்த வண்டிதான் கெஸ்ட்ரல். முன்னால் இரண்டு சறுக்குக் கட்டை, அடியில் ஒரு ரப்பர் பட்டை, மஞ்சள் பானட். கெஸ்ட்ரல் என்பது வயல் வேலிமேல் உட்கார்ந்திருக்கும் ஒரு சின்னப் பருந்தின் பெயர்.

ஐந்தாறு வருடத்தில் பட்டறை தொழிற்சாலையானது. டெல்மர் வெல்டிங்கில் இருந்தான். நானும் ஆர்லிஸும் தையல் கூடத்தில் சீட்டுக்கு உறை தைத்தோம். வண்டியை ஓட்டிச் சோதித்துப் பார்ப்பவன் ஒருநாள் மரத்தில் மோதித் தோள்பட்டையை உடைத்துக்கொண்டான். அன்று ஹார்லன் எங்கள் கூடத்துக்குள் வந்து நின்றார்.

"வெளியில இருக்கிற தடியன் ஒருத்தனும் இந்தக் குளிர்ல ஏற மாட்டேங்கிறான். உங்கள்ல யாருக்காவது தைரியம் இருக்கா?"

சும்மா கேலிக்குத்தான் கேட்டார். ஆர்லிஸ் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

"கையுறை நீங்க குடுப்பீங்களா, இல்ல என்னுதையே போட்டுக்கவா?"

விஷயம் வெல்டிங் பக்கம் போய், டெல்மர் ஓடிவந்தான். "ஏய், உனக்கென்ன பைத்தியமா? விழுந்து காலை ஒடிச்சுக்கிட்டா வீட்டுல யாரு சமைக்கிறது?"

"நீதான். உருளைக்கிழங்கு எங்க இருக்குன்னு தெரியும்ல?"

எல்லோரும் சிரித்தோம். அவள் சதுப்பு நிலத்தைத் தாண்டி, ஆற்று வளைவு வரை போய்த் திரும்பினாள். புருவமெல்லாம் பனி ஒட்டியிருந்தது. இஞ்சினை நிறுத்திய பிறகும் இறங்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"என்ன, எப்படி இருக்கு?" என்றார் ஹார்லன்.

"இடது பக்கம் இழுக்குது. மத்தபடி இறங்கவே மனசில்ல."

அதற்குப் பிறகு அவள் ஊசியைத் தொடவில்லை.

அந்தக் காலத்தில் கனடா எல்லையிலிருந்து தெற்கே பெரிய நகரம் வரைக்கும் ஒரு பனிவண்டிப் பந்தயம் நடக்கும். காடு, உறைந்த ஏரி, சாலையோரப் பள்ளம் என்று நாள்கணக்கில் ஓட்ட வேண்டும். ஹார்லன் மூன்று ஆண்களை அனுப்பினார், கூட ஆர்லிஸையும். எச்சில் துப்பினால் தரையில் விழுமுன் கட்டியாகும் குளிர். பெரிய கம்பெனிகளின் வண்டிகள் பாதி வழியில் செத்துக் கிடந்தன. எங்கள் ஆண்கள் மூவரும் விலகிக்கொண்டார்கள். ஆர்லிஸ் மட்டும் நிற்கவில்லை. முகத்தில் கட்டிய துணி கிழிந்து பறந்துபோனதைக்கூட அவள் கவனிக்கவில்லை. முதலாவதாக வந்து சேர்ந்தபோது இடது கன்னம் குளிரில் உறைந்து, வெளுத்து மெழுகு மாதிரி இருந்ததாம். பிறகு அது கறுத்து உரிந்தது. கம்பெனி அடித்த போஸ்டரில் அந்தக் கன்னத்துக்குச் சிவப்புச் சாயம் பூசி அழகாக்கியிருந்தார்கள். நாட்டில் பனி விழுகிற ஊரெல்லாம் அந்தப் போஸ்டர் போயிற்று.

அந்த வருடங்களை நான் எப்படிச் சொல்ல? இரண்டு ஷிப்ட் ஓடியது. வயலை விற்றுவிட்டு டகோட்டாவிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்தார்கள். பள்ளிக்கூட பேண்டு வாத்தியக்காரர்களுக்குக்கூட மஞ்சள் கோட்டு. ஆர்லிஸ் கடைக்குள் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். அவளுக்கு அது பிடித்திருந்தது. பிடிக்கவில்லை என்று அவளும் ஒருபோதும் நடித்ததில்லை.

கெட்டது ஒரேயடியாக வரவில்லை. ஒரு குளிர்காலம் பனி சரியாக விழவில்லை. அடுத்ததும் அப்படியே. பெட்ரோல் கிடைக்காமல் ஜனங்கள் காருக்கே வரிசையில் நின்றார்கள். பொழுதுபோக்கு வண்டிக்கு யார் ஊற்றுவார்கள்? செய்து முடித்த கெஸ்ட்ரல்கள் தொழிற்சாலைக்குப் பின்னால் தார்ப்பாய் மூடி வரிசையாக நின்றன. கோடையில் அவற்றுக்கிடையே புல் முளைத்தது. ஹார்லன் தொழிற்சாலையை ஒஹையோவில் புல் வெட்டும் இயந்திரம் செய்கிற ஒரு கம்பெனிக்கு விற்றுவிட்டு அரிசோனா போய்ச் சேர்ந்தார். அவர்கள் மலிவான ரப்பர் பட்டை போட்டார்கள். அது குளிரில் விரிசல் விட்டுக் கிழிந்தது. காட்டு நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் நடந்தே வீடு வந்து சேர்ந்து, ஊர் ஊராகத் திட்டினார்கள்.

ஒரு வசந்தத்தில் தொழிற்சாலைக் கேட்டைப் பூட்டினார்கள். பூட்டியது போதாதென்று, வேறு யாரும் கெஸ்ட்ரலைச் செய்துவிடக் கூடாது என்று அச்சுகளையெல்லாம் வெட்டிப் போடச் சொன்னார்கள். அந்த வேலைக்கு நிறுத்தி வைத்த சிலரில் என் அண்ணனும் ஒருவன். வெல்டிங் தெரிந்தவனுக்கு வெட்டவும் தெரியுமே.

ஆர்லிஸ் காவலாளியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். பானட் அச்சின்மேல் டெல்மர் கேஸ் கட்டரைப் பிடித்துக்கொண்டிருந்தான். கணக்குத் தீர்க்க வந்த நானும் அங்கே நின்றேன்.

"டெல்மர், அணைச்சுடு."

"நான் அணைச்சா நாளைக்கு வேற ஒருத்தன் பத்த வெப்பான்."

"அந்த வேற ஒருத்தனே பத்த வெக்கட்டும். நீ வேணாம்."

"அப்புறம் எதைச் சாப்பிடறது? உன் போஸ்டரையா?"

முகமூடியை இறக்கிவிட்டு அவன் மறுபடியும் வெட்ட ஆரம்பித்தான். அவள் கடைசி வரை நின்று பார்த்தாள். நான் இழுத்தும் வரவில்லை.

அதற்குப் பிறகு டெல்மருக்கு மேற்கே ஒரு மணி நேர தூரத்தில், போட்டிக் கம்பெனியில் வேலை கிடைத்தது. நாங்கள் வருஷக்கணக்காகக் கரித்துக்கொட்டிய கம்பெனி. அவர்கள் எல்லோருக்கும் சிவப்புக் கோட்டுக் கொடுப்பார்கள். முதல் நாளே ஆர்லிஸ் சொல்லிவிட்டாள்: "அந்தச் சிவப்பை வீட்டுக்குள்ள கொண்டு வராதே." அவன் கார் ஷெட்டில் ஓர் ஆணியில் மாட்டி வைத்தான். காலையில் விறைத்துக் கட்டை மாதிரி நிற்கும் கோட்டை உதறி உதறிப் போட்டுக்கொண்டு போவான். ஒரு வருடம் இரண்டு வருடமில்லை, கடைசி வரைக்கும் அப்படித்தான். வீட்டில் அவர்கள் பேசிக்கொண்டதெல்லாம் அடுப்புக்கு விறகு, காருக்கு எண்ணெய் என்கிற அளவுக்குச் சுருங்கிவிட்டது. ஒரு மார்ச்சில் அந்தக் கம்பெனியின் கார் நிறுத்துமிடத்தில் என் அண்ணன் மார்பைப் பிடித்துக்கொண்டு சரிந்தான். கூட வேலை செய்தவர்கள் மலர்வளையம் கொண்டுவந்தார்கள். ஆர்லிஸ் அதைச் சர்ச் வாசலோடு நிறுத்தச் சொன்னாள். அதை நான் மன்னிக்க ரொம்ப நாளாயிற்று.

அவள் பள்ளிக்கூடச் சமையலறையில் பரிமாறும் வேலைக்குப் போனாள். ஜனவரியில் மட்டும் வேறு ஆளாகிவிடுவாள். பழைய கெஸ்ட்ரல் வைத்திருப்பவர்கள் விஸ்கான்சினிலிருந்தும் மிச்சிகனிலிருந்தும் எங்கள் ஏரிக்கு வந்து கூடுவார்கள். காட்டரிசி சூப்பைக் குடித்துக்கொண்டு, இந்த வண்டியில்தான் என் பெண்டாட்டியிடம் கல்யாணப் பேச்செடுத்தேன், இதில்தான் பிரசவத்துக்குக் கூட்டிப்போனேன் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். அவர்களுக்கு அது இளமை. எங்களுக்கு அது பூட்டிய கேட். அவர்கள் முன்னால் அதை நாங்கள் சொன்னதில்லை.

இப்படியிருக்கும்போதுதான் மினியாபோலிஸிலிருந்து டெரக் பௌல்சன் வந்தான். கெஸ்ட்ரல் என்ற பெயரின் உரிமை ஏதோ ஒரு கோர்ட்டு ஏலத்தில் கிடந்ததாம், வாங்கிவிட்டதாகச் சொன்னான். பழைய தொழிற்சாலையிலேயே திரும்பவும் செய்யப்போகிறானாம். நேராக ஆர்லிஸ் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினான்.

"அம்மா, நீங்க இல்லாம இது கெஸ்ட்ரலே இல்ல" என்றான்.

அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தவள், அதைக் கேட்டு என் வீட்டுக்கு ஓடிவந்தாள். "வெர்னா, திரும்ப வருதுடீ. நான் சொன்னேனா இல்லையா? திரும்ப வருது." அவ்வளவு வருஷத்துக்குப் பிறகு அவள் என்னைக் கட்டிக்கொண்டது அன்றுதான்.

ஊர் முழுக்க அவள் பேசினாள். சர்ச்சில், காபிக் கடையில், மீன் தூண்டில் விற்கும் கடையில். ஆர்லிஸே சொல்கிறாள் என்றால் சரியாகத்தான் இருக்கும் என்றார்கள். என் மகன் கைல் ஜன்னல் செய்யும் கம்பெனியில் நல்ல வேலையில் இருந்தான். அதை விட்டுவிட்டுப் பௌல்சனிடம் சேர்ந்தான். "அத்தை மேல நம்பிக்கை இல்லையாம்மா உனக்கு?" என்று கேட்டான்.

அந்த ஜனவரிக் கூட்டத்தில், ஏரி நடுவே, தார்ப்பாயை உருவி ஆர்லிஸ்தான் புது வண்டியைக் காட்டினாள். அதே மஞ்சள். கூட்டம் கத்திய சத்தத்தில் பனிக்கட்டி பிளந்துவிடுமோ என்று எனக்குப் பயமாக இருந்தது. அவள் ஏறி ஏரியை ஒரு சுற்று சுற்றி வந்தாள். திரும்பி வந்து, பானட்டைத் தூக்கி உள்ளே குனிந்து பார்த்தாள். கொஞ்சம் அதிக நேரம் குனிந்திருந்தாள். பிறகு மூடிவிட்டாள்.

ஒருவன் மைக்கை நீட்டினான். "சொல்லுங்க ஆர்லிஸ், எப்படி இருக்கு?"

அவள் கூட்டத்தைப் பார்த்தாள். வயதான ஆண்கள் தொப்பியைக் கழற்றிவிட்டு அழுதுகொண்டிருந்தார்கள். முன்வரிசையில் கைல் நின்றான்.

"கெஸ்ட்ரல்தான்" என்றாள்.

அடுத்த குளிர்காலம் வரைகூடத் தாங்கவில்லை. முன்பணம் கொடுத்தவர்களுக்கு வண்டி வரவில்லை. வேலைக்குச் சேர்ந்தவர்களுக்குச் சம்பளம் நின்றது. பௌல்சனின் தொலைபேசியை யாரும் எடுக்கவில்லை. ஏரியில் காட்டிய அந்த ஒற்றை வண்டியை யாரோ பிரித்துப் பார்த்தார்கள். போட்டிக் கம்பெனியின் பழைய மாடல். பௌல்சன் பானட்டை மட்டும் மாற்றி மஞ்சள் பூசியிருந்தான். என் அண்ணன் வேலை செய்த அதே கம்பெனி.

நான் அவள் சமையலறைக்குப் போய் நின்றேன். உட்காரவில்லை.

"உனக்கு எப்பத் தெரியும்?"

அவள் காபியைக் கலக்கிக்கொண்டே இருந்தாள். "ஓட்டின நிமிஷமே. அது நம்ம வண்டி மாதிரி இழுக்கல. பானட்டைத் தூக்கினா சேஸிஸ்ல அவங்க முத்திரை அப்படியே இருக்கு, தேச்சு அழிக்கக்கூட இல்ல."

"தெரிஞ்சும் சொன்னியா? என் பையன் எதிர்லயே நின்னானே?"

"அவன் மூஞ்சியைப் பார்த்துட்டுத்தான் சொல்ல முடியல, வெர்னா. எல்லாரும் எப்படி இருந்தாங்கன்னு பார்த்தேல்ல. நானே எப்படி அதைக் கொல்றது? மொதல்ல அவங்க வண்டியா இருந்தாலும், போகப் போக நம்மளதா ஆயிடும்னு நெனச்சேன்."

"டெல்மர் வயித்துப்பாட்டுக்கு அந்தக் கம்பெனிக்குப் போனதுக்கு அவனைச் சாகற வரைக்கும் வாட்டுன. நீ அவங்க வண்டியைக் கெஸ்ட்ரல்னு சொல்லி ஊரையே ஏமாத்திட்ட."

அதைக் கேட்டதும் அவள் மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். நான் தேற்றவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்துவிட்டேன்.

கைலுக்கு ஜன்னல் கம்பெனி திரும்ப வேலை தரவில்லை. வடக்கு டகோட்டாவில் எண்ணெய்க் கிணற்று வேலைக்குப் போனான். அங்கேயே தங்கிவிட்டான். ஊரில் ஆர்லிஸை யாரும் முகத்துக்கு நேரே ஏசவில்லை. எங்கள் ஊரில் அப்படிச் செய்யமாட்டார்கள். சர்ச்சில் அவள் உட்காரும் பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை, அவ்வளவுதான். ஒரு ஞாயிறு, சர்ச் விருந்துக்கு அவள் இறைச்சியும் உருளைக்கிழங்கும் சேர்த்துச் சுட்டுக் கொண்டுவந்து வைத்த ஹாட்டிஷை யாரும் தொடவில்லை; அப்படியே எடுத்துக்கொண்டு போனாள். மறு வாரம் அவள் வரவில்லை. பிறகு வரவே இல்லை.

ஜனவரிக் கூட்டங்களுக்கும் போகமாட்டாள். வெளியூர்க்காரர்களுக்கு இதெல்லாம் முழுதாகத் தெரியாது. வீட்டு வாசலில் வந்து நின்று, பானட்டில் கையெழுத்துக் கேட்பார்கள். திரைச்சீலைக்குப் பின்னால் அவள் நிற்பது தெருவிலிருந்தே தெரியும். கதவு திறக்காது. கூட்டங்களும் மெலிந்துகொண்டே வந்தன. ஏரி ஒழுங்காக உறைவதில்லை. ஒரு வருடம் ஆளில்லாத வண்டி ஒன்று பனிக்கட்டி உடைந்து உள்ளே போயிற்று. அதோடு ஷெரிப் ஏரிமேல் கூடக்கூடாது என்றார். வண்டிகளை ட்ரெய்லரிலேயே வைத்துக்கொண்டு, புல் தெரியும் மைதானத்தில் நின்று சூப் குடித்துவிட்டுப் போனார்கள்.

அவள் முதியோர் இல்லத்தில் சேர்ந்த பிறகு நான் பார்க்கப் போக ஆரம்பித்தேன். அன்பு என்று சொல்லமாட்டேன். டெல்மரை நினைவில் வைத்திருந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான் மிச்சம். பழைய கதை எதுவும் பேசுவதில்லை. ஒருமுறை மட்டும், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"கைல் ஏதாவது சொல்றானா?"

"நல்லாருக்கான்."

"என்னைப் பத்தி?"

"இல்ல" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

போன பிப்ரவரியில் அவள் போய்விட்டாள். முன்பெல்லாம் எங்கள் பக்கம் பிப்ரவரியில் இறந்தவர்களைச் சவக்கிடங்கில் வைத்திருந்து, மண் இளகிய பிறகு ஏப்ரலிலோ மே மாதத்திலோதான் புதைப்பார்கள். அப்பாவை அப்படித்தான் புதைத்தோம். ஆர்லிஸுக்கு அந்தக் காத்திருப்பு வேண்டியிருக்கவில்லை. அந்த வாரமே குழி வெட்டினார்கள். மண்வெட்டி சும்மா இறங்கியது. குழியின் அடியில் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. மழை தூறியது. பாதிரியாரும் நானும் இல்லத்திலிருந்து வந்த ஒரு நர்ஸும். சேதி கேட்டு விஸ்கான்சின்காரர்கள் இருவர் தங்கள் வண்டிகளை ட்ரெய்லரில் ஏற்றி வந்திருந்தார்கள். பிணப்பெட்டிக்கு முன்னால் ஓட்டிப்போக வேண்டும் என்று அவர்களுக்கு ஆசை. ஓட்ட ஒரு கைப்பிடிப் பனி இல்லை. இஞ்சினையாவது போடட்டுமா என்று கேட்டார்கள். பாதிரியார் என்னைப் பார்த்தார். வேண்டாம் என்றேன்.

வீட்டுக்கு வந்து ஈரக் காலணியைக் கழற்றும்போது கைல் கூப்பிட்டான்.

"முடிஞ்சுதாம்மா?"

"முடிஞ்சுது."

பிறகு, "யார் யார் வந்தாங்க?" என்றான்.

நான் சொன்னேன். சொல்லி முடிக்க நேரமே ஆகவில்லை.