பன்னிரண்டாம் படுக்கையில் எழுதிய கதை

நிலாவில் மனிதன் கால் வைத்த மறு வருஷம், ராயபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்டு நர்ஸாக இருந்தேன். அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். டூட்டி முடிந்தால் ஹாஸ்டல் அறை. அங்கே பேச யாரும் இல்லை.

ஒரு நாள் துறைமுகத்திலிருந்து மெக்சிகோக்காரர் ஒருவரைத் தூக்கிவந்தார்கள். கப்பல் சமையல்காரர். ஏணியிலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்திருந்தது. கப்பல் அவரை விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டது. காலில் எடை கட்டிப் படுக்க வைத்தோம். பெயர் எங்கள் வாயில் நுழையவில்லை. பன்னிரண்டாம் நம்பர் என்றே கூப்பிட்டோம்.

நாள் முழுக்க நோட்டில் எதையோ எழுதிக்கொண்டிருப்பார். வார்டு ஆயாவுக்குச் சந்தேகம். "இன்னா சிஸ்டர், நம்மளப் பத்தி எதுனா எழுதிகினு கீறாரா?" என்றாள்.

ஒரு மாலை நானே கேட்டேன். இருவருக்கும் அரைகுறை இங்கிலீஷ்தான். விண்வெளிக் கதை, ஊரில் ஒரு சின்னப் பத்திரிகைக்கு எழுதுவேன் என்றார். ராக்கெட்டில் போய்ப் புது உலகத்தைக் கண்டுபிடிக்கிற கதையா என்றேன். இல்லையாம். அவர்களுக்கு வடக்கே இருக்கிற பெரிய நாட்டுக் கதைகளில்தான் மனிதன் நட்சத்திரத்துக்குப் போய்க் கொடி நடுவானாம்.

"எங்கள் கரையில் அந்நியர்கள் கப்பலில் வந்து இறங்கினார்கள். அதனால் எங்கள் கதையில் நாங்கள் கரையில் நிற்கிறவர்கள்" என்றார்.

இங்கேயும் அப்படித்தான் வந்தார்கள் என்றேன். தெரியும், ஜன்னலில் தெரிகிற சர்ச் கோபுரம் எங்கள் ஊர்க் கோபுரம் மாதிரியே இருக்கிறது என்றார். ஞாயிறுதோறும் நான் மண்டியிடுகிற சர்ச் அது.

அதன் பிறகு டூட்டி முடிந்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டு அரைமணி அவர் பக்கத்தில் உட்காருவேன். பல நாள் இருவரும் பேசிக்கொண்டதே இல்லை.

மூன்று மாதம் கழித்து வேறொரு கப்பல் வந்தது. ஊன்றுகோலோடு கிளம்பினார். நோட்டிலிருந்து சில தாள்களைக் கிழித்து என்னிடம் கொடுத்தார். ஸ்பானிஷ் எனக்கு எங்கே தெரியும்? சர்ச்சில் கோவாக்காரப் பாதிரியார் ஒருவர் இருந்தார். ஸ்பானிஷுக்கு நெருங்கிய பாஷையான போர்த்துகீசியம் தெரிந்தவர். தடவித் தடவிப் படித்துச் சொன்னார்.

கதையில் ஒரு மனிதன் வேற்றுலகத்தில் கால் கட்டப்பட்டுக் கிடக்கிறான். வெள்ளை உடுத்திய பிராணிகள் காலையில் வந்து அவன் வாயில் கண்ணாடிக் குச்சியை வைக்கின்றன, ரத்தம் எடுக்கின்றன, பெயருக்குப் பதில் எண் கொடுக்கின்றன. நல்லது செய்யத்தான் வந்திருக்கிறோம் என்பது போலச் சிரிக்கின்றன. எனக்கு முகம் சுட்டது. குணப்படுத்தத்தானே செய்தோம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

கடைசித் தாளில், அவற்றில் ஒன்று மட்டும் வெளிச்சம் மங்குகிற நேரத்தில் வந்து உட்காருகிறது. எதையும் அளப்பதில்லை. தன் உலகத்திலேயே அதற்கு யாரும் இல்லை என்று அவனுக்குப் புரிகிறது. அதைக் கேட்க அவனிடம் வார்த்தை இல்லை.

"இது நீயாம்மா?" என்றார் பாதிரியார்.

"இல்ல ஃபாதர், வேற யாரோ" என்றேன்.

தாள்களை வாங்கிக்கொண்டு ரயில்வே ஸ்டேஷன் வரை நடந்து, ஒரு பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். பொய்யாக எழுதியிருந்தால் கோபப்பட்டிருப்பேன். இரண்டு ரயில்கள் போன பிறகுதான் எழுந்தேன்.