தேங்காய் பட்ட கட்டி என்றார்கள், எக்ஸ்ரே அக்கா நம்பவில்லை

பரமேஸ் அக்கா போய்விட்டார். நேற்று பாகான் டாலாம் வீட்டிலிருந்து உடலை எடுத்துவிட்டார்கள்...

அழுகை வர வேண்டிய நேரத்தில் எனக்குக் கோபம்தான் வந்தது. இன்னும் இறங்கவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

அக்காவைத் தெரியாதவர்களுக்கு: தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஒரு தனியார் கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்தவர். என் மண்டையைக் காப்பாற்றியவர். (உள்ளே ஒன்றும் இல்லையே, எதற்குக் காப்பாற்றினார் என்று கமெண்ட் போடப்போகும் நண்பர்களே, அந்த ஜோக்கை நானே போட்டுவிட்டேன். நகருங்கள்.)

நேற்று அந்த கிளினிக் டாக்டரும் வந்திருந்தார். இப்போது டத்தோ பட்டம் வாங்கியவர். எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று சொன்னார்: "பரமேஸ் ரொம்ப அடக்கமான ஸ்டாஃப். சொன்னதைத் தவிர வேற ஒண்ணும் செய்ய மாட்டாங்க."

அடக்கமா? பரமேஸ் அக்காவா? என் கையிலிருந்த மைலோ பானம் வேட்டியில் கொட்டிவிட்டது.

நடந்ததைச் சொல்கிறேன்.

எனக்கு பாயான் பாரு பக்கம் ஃபேக்டரியில் வேலை கிடைத்தால் மொட்டை போடுவதாக அம்மா வேண்டிக்கொண்டார். கிடைத்தது. வேண்டுதல் அவருடையது, தலை என்னுடையது... தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயில் அடிவாரத்தில் மொட்டைக்கு உட்கார்ந்தேன். பாதி மழித்ததும் சவரம் செய்த அண்ணன் கத்தியை நிறுத்தினார்.

"தம்பி, மண்டையில என்னலா இது, ரம்புத்தான் கொட்டை மாதிரி?"

வலது காதுக்கு மேலே, கெட்டியாக, வலியே இல்லாமல் ஒரு மேடு. முடி இருந்தவரை எனக்கே தெரியாது.

வீட்டில் ஐந்து நிமிடத்தில் தீர்ப்பு வந்தது. "போன வருஷம் ரதத்துக்கு முன்னால தேங்காய் உடைக்கும்போது சில்லு தெறிச்சு இவன் மண்டையில பட்டுச்சே, அதான்!" என்றார் மாமா. எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கும் அந்தக் கதை பிடித்துப்போனது. ஃபேக்டரிப் பெண்களிடம் போர்க்காயம் போலக் காட்டிக்கொண்டு திரிந்தேன்.

கிளினிக் டாக்டரிடமும் அதையே சொன்னேன். அவர் தொட்டுப் பார்த்துவிட்டு, "பழைய ரத்தக்கட்டு. சின்னதா கீறி எடுத்துடலாம், இருபது நிமிஷம்தான்லா" என்றார். பேருக்கு ஒரு எக்ஸ்ரே எடுத்துவரச் சொன்னார்.

அக்கா ஒரு படம் எடுத்தார். உள்ளே போய் ஃபிலிமைக் கழுவிப் பார்த்துவிட்டு வந்து, என் தலையைச் சாய்த்து வைத்து இன்னொன்று எடுத்தார்.

"தேங்காய் எந்தப் பக்கம் பட்டுச்சு?"

"இடது பக்கம்க்கா."

"கட்டி வலது பக்கம்ல இருக்கு? சில்லு உள்ள பூந்து, அந்தப் பக்கம் போய் குடியேறிடுச்சா?"

இத்தனை நாளில் இதை ஒருவரும் கேட்கவில்லை. தலைக்குச் சொந்தக்காரன் நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

ஈரம் காயாத ஃபிலிமை விளக்குப் பெட்டியில் மாட்டினார். எலும்பில் வட்டமாக ஓர் இடம், உள்ளே தேன்கூடு மாதிரி. சாய்த்து எடுத்த படத்தில், சின்னப் பிள்ளைகள் சூரியன் வரைவார்களே, அப்படிக் கோடு கோடாய்...

"பயப்படாத. ட்ரெய்னிங்ல இதே மாதிரி ஒண்ணு பார்த்திருக்கேன். எலும்புக்குள்ள ரத்தக்குழாய் பின்னி வளர்ற கட்டி. அநேகமா கெட்டது இல்ல. ஆனா இங்க கத்தி வைக்க விடாத. கீறினா ரத்தம் லேசுல நிக்காது."

படத்தில் என்ன தெரிகிறது என்று எக்ஸ்ரே எடுப்பவர் நோயாளியிடம் சொல்லக் கூடாது. அது விதி. அக்கா அதோடும் நிற்கவில்லை, ஃபிலிமைத் தூக்கிக்கொண்டு நேரே டாக்டர் மேசைக்குப் போனார். நான் பின்னால்.

டாக்டர் ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. "பரமேஸ், படம் எடுத்தாச்சுல்ல? போங்க."

"ஒரு தடவை பாருங்க டாக்டர். தையல் போடுற ரூம்ல இவனுக்கு ரத்தம் நிக்கலன்னா என்ன செய்வீங்க?"

"எனக்கே பாடம் எடுக்குறீங்களா? நர்ஸ், இவனை உள்ள படுக்க வைங்க."

நான் போய்ப் படுத்தும்விட்டேன்! வெள்ளைக் கோட்டு சொன்னால் படுத்துவிடுகிற ரகம் நான். அக்காதான் வந்து சட்டைக் காலரைப் பிடித்து எழுப்பினார். ஃபிலிம் உறையைக் கையில் திணித்தார்.

"பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ. இப்பவே போ."

போனேன். அங்கிருந்து கோலாலம்பூருக்கு அனுப்பினார்கள். கட்டியைக் கீறாமல், சுற்றியிருந்த எலும்போடு சேர்த்து வட்டமாக வெட்டி எடுத்து, ஓட்டையை ஒருவகை சிமெண்டால் அடைத்தார்கள். ஹெமாஞ்சியோமா, அதாவது அக்கா சொன்ன அதே ரத்தக்குழாய்க் கட்டி, கேன்சர் இல்லை என்று ரிப்போர்ட் வந்தது.

"கிளினிக்கிலேயே கீறியிருந்தால்?" என்று சர்ஜனிடம் கேட்டேன். "யார் தடுத்தது?" என்று திருப்பிக் கேட்டார் அவர்.

கட்டுப் போட்ட தலையோடு நான் பினாங்கு திரும்பியபோது, தடுத்தவருக்கு வேலை போயிருந்தது. நோயாளியிடம் பேசினாராம். ஃபிலிமைக் கொடுத்தனுப்பினாராம்.

அதன் பிறகு அக்காவுக்கு புக்கிட் தெங்காவில் ஒரு ஃபேக்டரி வேலை. மண்டை ஓட்டுக்குள் பார்த்த கண், ரிட்டயராகும்வரை சர்க்யூட் போர்டில் சாலிடர் ஒழுங்காக ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தது. கொதிக்கிறது எனக்கு.

ஆனால் டத்தோவை மட்டும் திட்டிவிட்டு நான் தப்பிக்க முடியாது...

அந்த வாரம் அக்கா என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "தம்பி, நடந்ததை ஒரு லெட்டரா எழுதிக் குடு. வேற ஆஸ்பத்திரியில வேலை கேட்டா காட்டணும்."

சரி என்றேன். ஆனால் டாக்டர் எங்கள் கோயில் கமிட்டியில் இருந்தார். "நமக்கு எதுக்குடா வம்பு?" என்றார் மாமா. ஊரார் வம்பையெல்லாம் வரி விடாமல் எழுதுகிற நான், அந்த ஒரு பக்கத்தை எழுதவில்லை. அக்கா மறுபடி கேட்கவும் இல்லை.

நேற்றும் டத்தோ பேசி முடிக்கும்வரை நான் வாயைத் திறக்கவில்லை.

ஆகையால் இங்கே எழுதுகிறேன். டத்தோவின் பிள்ளைகள் என் நட்புப் பட்டியலில் இருக்கிறார்கள், அப்பாவுக்குப் படித்துக் காட்டட்டும்.

என் தலையில் இருந்தது என்ன என்று முதலில் சரியாகச் சொன்னவர் பரமேஸ்வரி. அங்கே கீறக் கூடாது என்று தடுத்தவரும் அவரே. டாக்டர் அந்தப் படத்தைப் பார்க்கவில்லை. நான் பக்கத்தில் நின்றேன், நானே சாட்சி. இப்படிக்கு, குணசேகரன்.

லெட்டர் ரொம்ப லேட், அக்கா. போய் வாருங்கள்.