ஒரே தீவனம்

எங்கள் மீன் பண்ணை மேலாளருக்கு நாங்கள் வைத்த பெயர் ‘வம்சம்’. குஞ்சுத் தொட்டியில் மற்றவற்றைவிட இரண்டு மடங்கு வளர்ந்தவற்றை வலையால் அள்ளி, இனப்பெருக்கத்துக்கென்று தனியாக வளர்ப்பார்.

“எல்லாத்துக்கும் ஒரே தீவனம்தான் போடுறோம். இது மட்டும் இப்படி வளருதுன்னா ரத்தத்துலயே இருக்கு” என்று மார்தட்டுவார். அவருக்கு மார் எங்கே முடிந்து தொந்தி எங்கே தொடங்குகிறது என்பது வேறு ஆராய்ச்சி.

தொட்டி கழுவும் அக்கா ஒருநாள், அவர் அப்போதுதான் அள்ளிய பெரிய குஞ்சுகளில் செத்துப்போன ஒன்றின் வயிற்றைக் கத்தியால் கீறிக் காட்டினாள். உள்ளே இன்னொரு குஞ்சு, வால்கூடக் கரையாமல் கிடந்தது.

“இது கூடப்பொறந்ததுங்களத் தின்னு கொழுத்திருக்கு சார். இதையே பெருக்கினா தொட்டியில எது மிஞ்சும்?”

“தொட்டி கழுவுற உனக்கு வம்சத்தைப் பத்தி என்ன தெரியும்?” என்று எரிந்து விழுந்தார்.

அந்த நேரம் பார்த்து அவருடைய தம்பி வாசலில் வந்து நின்றார். எலும்பும் தோலுமான மனிதர். அப்பாவின் வீட்டை முழுசாகத் தன் பேருக்கு எழுதி வாங்கிக்கொண்ட அண்ணனிடம், ஓர் அறையாவது கொடு என்று கேட்டு வருவது அவருக்கு வாடிக்கை.

“ஒரே வயித்துல பொறந்தோம், ஒரே சோத்தைத்தான் தின்னோம். நான் வளர்ந்தேன், நீ வளரல. அதுக்கு நான் என்னடா பண்றது?” என்றார் மேலாளர்.

அக்கா கத்தியைக் கழுவாமல் அவருடைய தொந்தியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.