அறுபத்து மூன்றாவது குறிப்பு

அந்த வில்லாளியை அவள் இருபத்தாறு தடவை காதலித்துவிட்டாள். சம்பளத்துக்குத்தான். அவளுக்கு வயது நாற்பத்தொன்பது, முட்டிவலி வேறு. கணினி விளையாட்டு தயாரிக்கும் அலுவலகம் ஒன்றில், வெளிவரப்போகும் விளையாட்டை முதலிலிருந்து கடைசிவரை ஆடிப் பார்த்து, எங்கே என்ன பிசகியிருக்கிறது என்று எழுதிக் கொடுப்பது அவள் வேலை. அந்த விளையாட்டில் நாயகிக்குத் துணையாக ஒரு வில்லாளி வருவான். ஆடுகிறவர் விரும்பினால் அவனோடு பேசிப் பழகி, காதலித்து, கடைசியில் கல்யாணம்கூடச் செய்துகொள்ளலாம்.

விரும்புவதற்குத் தடையில்லை, ஆள்தான் ஒரு நிலையில் இல்லை. கதையின் மூன்று பகுதிகளை மூன்று எழுத்தாளர்கள் ஆளுக்கொன்றாகப் பங்கு போட்டு எழுதினார்கள். ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்கவில்லை. அவசரம், வேறென்ன? முதல் பகுதியில் அவன் உம்மணாமூஞ்சி. பிறந்த அன்றே தாயைப் பறிகொடுத்தவன். இரண்டாம் பகுதியில் வாய் ஓயாமல் கேலி பேசுகிறான். வில் பிடிக்கக் கற்றுக்கொடுத்ததே அம்மாதான் என்கிறான். மூன்றாம் பகுதியில் அம்மாவுக்குக் காய்ச்சல் என்று போரைப் பாதியில் விட்டுவிட்டு ஊருக்குக் கிளம்புகிறான். செத்துப்போன தாய்க்குக் காய்ச்சல் கண்டதை எழுதியவர்களில் ஒருவரும் கவனிக்கவில்லை. அவள்தான் கவனித்தாள்.

இந்தக் கவனம் படித்து வந்ததல்ல. பத்தொன்பது வருடக் குடித்தனத்தில் வந்தது. அவள் கணவன் கை ஓங்குகிறவனோ கத்துகிறவனோ இல்லை. "நான் எப்ப அப்படிச் சொன்னேன்?" என்பான், அவ்வளவுதான். புதன்கிழமை, "இந்த ஞாயித்துக்கெழம உன் தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டு வரலாம்" என்பான். ஞாயிற்றுக்கிழமை அவள் உடுத்திக் கிளம்பி வாசலில் நின்றால், "எங்க கெளம்பிட்ட?" என்று ஒன்றும் தெரியாதவன்போலக் கேட்பான். அவள் எழுதி வைக்க ஆரம்பித்தாள். தேதி, நேரம், சொன்ன வார்த்தை. கொண்டுபோய்க் காட்டினால், "இது நீயா எழுதிக்கிட்டது" என்று சிரித்தான். பக்கத்து வீட்டாரிடம், "பாவம், அவளுக்கு ஞாபகம் கொஞ்சம் முன்னபின்ன இருக்கும்" என்று கரிசனமாகச் சொல்லியும் வைத்தான். உத்தமன்! கடைசியில், அடுப்பை அணைத்தோமா இல்லையா என்றுகூட அவளுக்கு நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. அப்போதுதான் தங்கை வந்து கையோடு அழைத்துக்கொண்டு போனாள்.

வேலை விளம்பரத்தைப் பார்த்ததும் தங்கைதான். "அக்கா, யார் எங்க என்ன சொன்னாங்கன்னு ஞாபகம் வச்சிருக்கணுமாம். உனக்குன்னே போட்ட மாதிரி இருக்கு."

சேர்ந்த முதல் நாளிலிருந்து அவளுக்கு அந்த அலுவலகத்தைப் பிடித்துப்போனது. குறிப்பு எழுதி அனுப்பினால், "சரிதான், திருத்தியாச்சு" என்று பதில் வரும். ஒவ்வொரு முறையும் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருக்கும். சொன்னதைச் சொன்னதென்று ஒப்புக்கொள்கிற இடமும் உலகத்தில் இருக்கிறதே என்று மனசுக்குள் கையெடுத்துக் கும்பிட்டுக்கொள்வாள். எந்தச் சாமியை என்று அவளுக்கே தெரியாது.

அறுபத்து மூன்றாவது குறிப்பு இது. இரண்டாம் பகுதியில், உடைந்த பாலத்தின்மேல் நாயகியின் கையைப் பிடித்துக்கொண்டு வில்லாளி சொல்கிறான்: "என்ன நடந்தாலும் உன்னை விட்டுப் போகமாட்டேன். இது என் வாக்கு." மூன்றாம் பகுதியில் அவன் ஊருக்குக் கிளம்பும்போது நாயகி தடுத்தால், "நான் உனக்கு எந்த வாக்கும் கொடுக்கவில்லையே" என்கிறான். அதைப் படித்த அன்று அவளுக்கு மதியச் சாப்பாடு இறங்கவில்லை. இரண்டு வரிகளையும் எழுத்துப் பிசகாமல் எடுத்தெழுதி, பாலத்து வரிக்குப் பக்கத்தில், "இது ரொம்ப நன்றாக இருக்கிறது" என்றும் சேர்த்து அனுப்பினாள்.

இரண்டு நாள் கழித்துக் கூட்டம். வில்லாளியின் காதலை வைத்துக்கொள்வதா, வெட்டிவிடுவதா என்று அன்று முடிவெடுக்க வேண்டும். அவளுடைய மூன்று மாதத் தற்காலிக வேலையும் அந்த வாரத்தோடு முடிகிறது. இரண்டையும் முடிவுசெய்ய வேண்டியவர் தலைமை எழுத்தாளர்; கறாரான பெண்மணி. குறிப்புகளை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே வந்து அறுபத்து மூன்றில் நிறுத்தினார்.

இரண்டாம் பகுதியை எழுதிய தாடிக்கார இளைஞன், "அப்படி ஒரு வரியே இல்ல மேடம். அக்கா வேற எதையோ பாத்துட்டு எழுதியிருக்காங்க" என்றான்.

அவள் எழுந்துபோய், எல்லோரும் பார்க்கப் பெரிய திரையில் விளையாட்டைத் திறந்து, நாயகியைப் பாலத்துக்கு நடத்திக்கொண்டு போனாள். வில்லாளி நாயகியின் கையைப் பிடித்தான். "இங்கே காற்று அதிகமாக இருக்கிறது" என்றான். அதோடு சரி.

யாரோ சிரித்துவிட்டார்கள். அவள் அந்த வரியைக் கண்ணால் படித்திருந்தாள், காதால் கேட்டிருந்தாள். ஆனாலும் வாயில் வந்தது, பத்தொன்பது வருடம் சொல்லிப் பழகிய வார்த்தைதான்: "நான்தான் தப்பாப் பாத்திருப்பேன் மேடம்."

"இது ஒண்ணு தப்புன்னா, மத்த அறுபத்திரண்டையும் நாம திரும்பப் பாக்கணுமே" என்றார் தலைமை எழுத்தாளர். கூட்டம் மறுநாளைக்குத் தள்ளிப்போனது.

வீட்டில் தங்கை எவ்வளவோ சொன்னாள். "நீ எழுதினா சரியாத்தான் இருக்கும்க்கா." தங்கை நம்பினாள், அவளால் நம்ப முடியவில்லை. பத்தொன்பது வருடம் அந்த மனுஷன் சொன்னதே உண்மையோ என்ற பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. வேலை போவதைக்கூடத் தாங்கிக்கொள்வாள். அவன் சொன்னது உண்மையாகிவிட்டால் அதைத் தாங்க முடியாது.

மறுநாள் கூட்டம் தொடங்குவதற்கு முன்பே தாடிக்காரன் எழுந்து நின்றான். முகம் பேயறைந்தது மாதிரி இருந்தது.

"மேடம், நடுப் பகுதியில வாக்கெல்லாம் வேணாம்னு நீங்க முன்னயே சொல்லியிருந்தீங்க. நான்தான் ஆசைல எழுதிட்டேன். அக்கா குறிப்பப் பாத்ததும் மாட்டிக்குவோம்னு பயந்து, சத்தமில்லாம அந்த வரிய மாத்திட்டேன். நேத்து உங்க எல்லார் முன்னாடியும் பொய் சொன்னேன்."

அவன் வாயைத் திறந்திருக்காவிட்டால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. பழைய பதிப்பைத் தோண்டிப் பார்க்க அங்கே யாருக்கு நேரம் இருந்தது?

தலைமை எழுத்தாளர் அவனை ஒரு பிடி பிடித்தார். பிறகு அந்த வரியை வாங்கிப் படித்தார். இரண்டாம் முறையும் படித்தார். "இது இருக்கட்டும், காதலும் இருக்கட்டும். மூணாம் பகுதியில அவன் இல்லேன்னு சொல்றத எடுத்துடுங்க" என்றார். அவள் பக்கம் திரும்பி, "அக்கா, திங்கக்கெழமையிலேருந்து நீங்க நிரந்தரம்" என்றார்.

அவள் நன்றி என்றாள். ஆனால் பார்வை தாடிக்காரனிடமே இருந்தது. அவன் அவளருகில் வந்து நின்றான். "மன்னிச்சிடுங்கக்கா. நீங்க சொன்னதுதான் சரி. நான் சொல்லிட்டு, சொல்லலன்னு சொன்னேன்."

"தம்பி," என்றாள் அவள். "அத இன்னொரு தடவ சொல்றீங்களா?"

தன்னைக் குத்திக்காட்டுகிறாளோ என்று அவன் பயந்து பார்த்தான். அவள் கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது, முகமெல்லாம் சிரிப்பு. அவன் மறுபடியும் சொன்னான்.